இலங்கை ஈ.டி.ஏ. விசா, கட்டுநாயக்க சுங்கம், சுகாதார மேசை: மலையகத்துக்கு உறவினரை அழைப்போருக்கான மதிப்பீடு

இந்தியாவில் இருக்கும் சொந்தங்களை ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ அழைப்பவர்கள் மூன்று சேவைகளைக் கடந்தாக வேண்டும்: ஈ.டி.ஏ. எனும் இலத்திரனியல் பயண அனுமதி, விமான நிலையச் சுகாதாரப் பரிசோதனை, சுங்கம். மூன்றிலும் ஈ.டி.ஏ.தான் நன்றாக வேலை செய்கிறது. சுகாதாரப் பகுதி பெரும்பாலானோருக்குத் தொந்தரவே இல்லை. சுங்க விதிகள் நியாயமானவை. ஆனால் சாதாரணப் பயணிக்குப் புரியும்படி ஓரிடத்தில் திரட்டிச் சொல்லப்படவில்லை.

இந்த மதிப்பீடு மலையகத்துக்கு ஏன் வேண்டும் என்றால், மலையகத் தமிழரில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்களின் மறுபாதி இன்றும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கம்தான் இருக்கிறது. மாசியில் காமன் கூத்து, அடுத்துத் தோட்டத்துத் திருவிழா, ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை என்று வரத்து ஒரே நேரத்தில் குவிகிறது. வருபவர்களில் பலருக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். அழைக்கும் வீட்டார்தான் படிவத்தையும் நிரப்பிக் கொடுக்கிறார்கள்.

2012 ஜனவரியில் தொடங்கிய ஈ.டி.ஏ., இடையில் ஒரு முறை தடம் மாறியது. 2024 ஏப்ரலில் விசா விண்ணப்ப வேலை வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டு, மேலதிகச் சேவைக் கட்டணமும் சேர்ந்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டெம்பர் கடைசியில் பழைய ஈ.டி.ஏ. திரும்பி வந்தது. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளும் காணொளிகளும் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டாம். சரியான முகவரி ஒன்றுதான்: ஈ.டி.ஏ. டொட் கவ் டொட் எல்.கே. முடிவில் 'கவ் டொட் எல்.கே.' இல்லாத தளம் எவ்வளவு அரச இலச்சினை போட்டிருந்தாலும் அது முகவர் தளம்தான். அங்கே கட்டும் தொகையில் ஒரு பங்கு முகவருக்குப் போகிறது.

கட்டணம் அடிக்கடி மாறும். சார்க் நாட்டவருக்கு 30 நாள் சுற்றுலா அனுமதிக்கு 20 டொலர், மற்ற நாட்டவருக்கு 50 டொலர் என்று இருந்தது. 2023 நவம்பர் முதல் இந்தியா உட்பட ஏழு நாடுகளுக்குக் கட்டணம் விலக்கப்பட்டது. அந்தச் சலுகை பிறகும் நீடிக்கப்பட்டது. எனவே அட்டை விவரம் கொடுக்கும் முன் திரையில் என்ன தொகை காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அதுதான் கணக்கு. கட்டணம் இல்லை என்பதற்காக விண்ணப்பமும் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் அப்படித்தான்: பணம் இல்லை, ஆனால் பிள்ளையின் பெயரில் அனுமதி இருக்க வேண்டும்.

பணம் கட்ட வேண்டியிருந்து அது திரும்பத் திரும்பத் தோற்றால், குறை பெரும்பாலும் தளத்தில் இல்லை. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை 2020 முதல் இயல்பாகவே மூடப்பட்டுத்தான் வருகிறது. வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு மறுபடி முயன்றால் சரியாகிவிடும். கட்டிய பணம் திரும்பாது என்பதால், அதற்கு முன் படிவத்தை இன்னொருவரை விட்டு ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.

படிவத்தின் தொடக்கத்தில் ஆம்/இல்லை என்று மூன்று கேள்விகள் வரும்: இலங்கையில் வதிவிட விசா இருக்கிறதா, ஏற்கெனவே ஈ.டி.ஏ.யில் நாட்டுக்குள் இருக்கிறீர்களா, பல்முறை நுழைவு விசா இருக்கிறதா. முதன்முறை வருபவருக்கு மூன்றுக்கும் 'இல்லை'. அவசரத்தில் 'ஆம்' என்று தட்டினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து வரும் பெயர்ப் பெட்டிகளில்தான் தமிழர்களுக்குச் சிக்கல். குடும்பப்பெயர், இடப்பட்ட பெயர் என்று இரண்டு பெட்டி. தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர் வரி காலியாக இருக்கும். சிலவற்றில் தகப்பன் பெயர் அங்கே இருக்கும். சிலவற்றில் தலைப்பெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் இல்லாத ஓர் எழுத்தையும் சேர்க்காதீர்கள். தகப்பன் பெயரைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள், தலைப்பெழுத்தை நீங்களே விரித்து எழுதாதீர்கள். புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளைப் பாருங்கள். விமான நிலைய இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான், ஆகவே எழுத்துக்கூட்டல் அதோடு ஒத்துப்போக வேண்டும். விமானச் சீட்டிலும் இதே பெயர். இந்த இடத்தில் படிவம் ஓர் எடுத்துக்காட்டாவது காட்டியிருக்கலாம். ஒற்றைப் பெயரோடு வாழும் இத்தனை இலட்சம் பேருக்கு அயல்நாடு கொடுக்க வேண்டிய சிறு உதவி அது.

கடவுச்சீட்டு இலக்கத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழைதான், ஆனால் விளைவு பெரிது. அனுமதி அந்த இலக்கத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் ஏழு இலக்கம். சுழியம் வர வேண்டிய இடத்தில் 'ஓ' எழுத்தை இட்டால் திருச்சியிலோ சென்னையிலோ விமானத்தில் ஏறும் முன்பே நிறுத்திவிடுவார்கள். கடவுச்சீட்டுக்கு, வந்து இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும்.

பிறந்த நாடு என்ற பெட்டியில் திரும்பிப் போன தலைமுறையினர் தயங்குகிறார்கள். கடவுச்சீட்டில் பிறந்த இடம் ஹட்டன் என்றோ பதுளை என்றோ இருந்தால் இலங்கை என்றே தெரிவு செய்ய வேண்டும். அதை மறைத்து இந்தியா என்று போட்டால்தான் முரண்பாடு. உண்மையைச் சொல்வதில் எந்தக் கெடுதியும் இல்லை.

இலங்கை முகவரிப் பெட்டிக்குத் தோட்டத்து முகவரி பொருந்தாது என்று நினைத்து, போகாத ஹோட்டலின் பெயரைப் போடும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். குடிவரவு மேசையில் 'எங்கே தங்குகிறீர்கள்' என்று கேட்டால் வயதானவர் 'தம்பி வீட்டில்' என்பார், தாளில் ஹோட்டல் இருக்கும். லய அறை இலக்கம் இருந்தால் அது, டிவிசன், தோட்டத்தின் பெயர், தபாலகம், மாவட்டம் என்ற ஒழுங்கில் எழுதினால் போதும். வருகை நோக்கத்தில் 'நண்பர், உறவினரைச் சந்தித்தல்' என்ற தெரிவு தனியாகவே உண்டு. அழைப்பவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பயணியின் கைப்பையில் தாளில் எழுதியிருக்கட்டும். இந்திய சிம் இங்கே வேலை செய்யாமல் போனால் அலைபேசியில் சேமித்த இலக்கத்தை எடுக்க முடியும், ஆனால் பற்றரி தீர்ந்தால் அதுவும் இல்லை.

மின்னஞ்சல் பற்றி ஓர் எச்சரிக்கை. டவுனில் இருக்கும் கொமியூனிகேஷன் கடையில் நிரப்பக் கொடுத்தால், பலர் கடையின் மின்னஞ்சலையே போட்டுவிடுகிறார்கள். ஒப்புதல் கடிதம் கடைக்குப் போகும், கடை ஞாயிறன்று பூட்டியிருக்கும், விமானம் ஞாயிறு இரவு. பயணியின் மின்னஞ்சலையோ வீட்டுப் பிள்ளை ஒருவரின் மின்னஞ்சலையோதான் கொடுக்க வேண்டும்.

பதில் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வந்துவிடுகிறது. முதலில் வருவது விண்ணப்பம் கிடைத்தது என்ற அறிவிப்பு. அது அனுமதி இல்லை. ஒப்புதல் என்று தெளிவாகப் போட்ட இரண்டாவது கடிதத்தைத்தான் அச்செடுக்க வேண்டும். 'தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று வந்தால் நிராகரிப்பு என்று பொருள் இல்லை, மேலதிகமாகப் பார்க்கிறார்கள். 1962 என்ற குடிவரவு குடியகல்வுத் திணைக்கள இலக்கத்துக்கு அழைத்து, விண்ணப்ப இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம். இப்படி நடக்கக்கூடும் என்பதால் கடைசி நாளில் விண்ணப்பிக்காமல் இரண்டு வாரம் முன்பே செய்துவிடுவது நல்லது. வந்திறங்கி வாங்கும் வழி இருந்தாலும் கட்டணம் கூட, வரிசையும் கூட.

30 நாள் என்பது முதலில் நுழைந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டு முறை நுழையலாம் என்பதை 'இரண்டு முப்பது நாள்' என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் அதே 30 நாள்தான்.

கும்பாபிஷேகத்துக்குக் குருக்களையும், தேர்த் திருவிழாவுக்கு நாதஸ்வர, தவில் கலைஞர்களையும் தமிழ்நாட்டிலிருந்து அழைக்கும் தோட்டத்து ஆலய நிர்வாகங்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவர்களுக்குச் சுற்றுலா அனுமதி பொருந்தாது. ஈ.டி.ஏ.யில் வணிக நோக்கம் என்ற தனி வகை உண்டு. கலை, இசை, நடன நிகழ்ச்சிகளும் சமய நிகழ்ச்சிகளும் அதற்குள்தான் அடங்கும். 'வணிகம்' என்ற பெயரைப் பார்த்து, நமக்கு எதற்கு என்று தள்ளிவிடுகிறார்கள். பின்பு சுவரொட்டியில் கலைஞரின் படம், கடவுச்சீட்டில் சுற்றுலா முத்திரை. பாதிக்கப்படுவது வந்த கலைஞர். ஆலயத்தின் அழைப்புக் கடிதம், நிகழ்ச்சித் திகதி, தங்குமிடம் ஆகியவற்றைச் சேர்த்து அந்த வகையிலேயே விண்ணப்பியுங்கள்.

சுகாதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொவிட் சான்றிதழ் இப்போது கேட்பதில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், அந்த நோய் பரவும் ஆபிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு மட்டும். இந்தியாவிலிருந்து நேரே வருபவருக்குத் தேவையில்லை. ஆபிரிக்காவில் வேலை செய்துவிட்டு வரும் உறவினர் இருந்தால், ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதைச் சொல்லிவையுங்கள். 2016 ஜூலைக்குப் பிறகு அது வாழ்நாள் முழுவதும் செல்லும். பழைய சான்றிதழில் பத்து ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும் புதுப்பிக்கத் தேவையில்லை.

மலேரியாவை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்தியாவில் நோய் இன்னும் இருக்கிறது. வந்த விருந்தாளிக்குக் காய்ச்சல் கண்டால், நுவரெலியாக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கசாயம் வைத்துக்கொண்டிருக்காமல், அரச மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் 'இந்தியாவிலிருந்து வந்தவர்' என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மருத்துவர் மலேரியாவைச் சந்தேகிக்கக் காரணமே இருக்காது. மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இங்கிருந்து இந்தியா போகிறவர்களுக்கு முற்காப்பு மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கிறது. நாடு தன் சாதனையைக் காக்க எடுக்கும் இந்த அக்கறை பாராட்டுக்குரியது.

இனிச் சுங்கம். அறிவிக்க எதுவும் இல்லாதவர் பச்சை வழி, இருப்பவர் சிவப்பு வழி. சிவப்பு வழியில் போனாலே வரி என்ற பயம் தேவையற்றது. சந்தேகமான பொருளைத் தானே காட்டுபவருக்கு வரி அல்லது தடுத்துவைப்பு. பச்சை வழியில் பிடிபட்டால் பறிமுதலும் அபராதமும். 15,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நாணயத்தை அறிவிக்க வேண்டும். சிகரெட்டுக்கு வரி விலக்கு அளவே கிடையாது; பீடியும் புகையிலைதான், தாத்தாவுக்கு என்று கட்டுக் கட்டாகக் கொண்டுவர வேண்டாம். சேலை, வேட்டி அன்பளிப்புக்குத் தடை இல்லை, ஆனால் ஒரே ரகத்தில் டசின் கணக்கில் இருந்தால் வியாபாரச் சரக்காகக் கணக்கிடுவார்கள். மாத்திரைகள் மருத்துவரின் சீட்டோடு, தன் தேவைக்கான அளவில், உடைக்காத அட்டையில் இருக்கட்டும். ட்ரோன் முன் அனுமதி இல்லாமல் உள்ளே வராது. தடுத்துவைத்தால் பற்றுச்சீட்டு வாங்கி, திரும்பிப் போகும் நாளில் கேட்டுப் பெற வேண்டும்.

எங்கள் பகுதிக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது செடியும் விதையும் மண்ணும். நீலகிரியிலிருந்து வருபவர்கள் ஆசையாக ரோஜாக் குச்சி, விதை உருளைக்கிழங்கு, சில வேளை தேயிலைக் கன்றுகூடக் கொண்டுவருகிறார்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவற்றுக்கு விவசாயத் திணைக்களத்தின் முன் அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். மண் ஒட்டிய வேரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இதை வெறும் கெடுபிடி என்று நினைப்பவர்கள் மலைநாட்டின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1869இல் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1946இல் வந்த கொப்புள நோய், நாம் பறிக்கும் அதே இளங்கொழுந்தைத் தாக்கி, இன்றும் மழைக்காலமெல்லாம் மருந்தடிக்க வைக்கிறது. நீலகிரி உருளைக்கிழங்கு நிலங்களில் 1961இல் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு மண்ணோடு பயணம் செய்யும். கூட்டுக்குள் முட்டை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கந்தப்பொல, நுவரெலியா மரக்கறித் தோட்டங்களை நம்பி வாழும் வீட்டுக்கு, தோட்டத்துச் சப்பாத்தைக் கழுவாமல் பையில் வைத்து வருவதே ஆபத்து. புறப்படும் முன் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள்.

சுங்கத்தில் ஒரு பொருள் தடுக்கப்பட்டால் அதை மீட்க மறுபடி கட்டுநாயக்க வரை இறங்க வேண்டும். ஹட்டனிலிருந்து அது ஒரு முழுநாள் கூலியும் வேன் வாடகையும். சுங்கத் திணைக்களம் இந்த விதிகளைத் தமிழில் ஒரே தாளில் தந்து, ஈ.டி.ஏ. ஒப்புதல் கடிதத்தோடு இணைத்து அனுப்பினால் பாதித் தகராறு குறையும்.

30 நாளுக்கு மேல் தங்க வேண்டியவர்கள் நீடிப்புக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். அனுமதி முடியும் முன் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கம், வந்தபோது குத்திய முத்திரைப் பக்கம் இரண்டையும் இறங்கிய அன்றே தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் கேட்பது அவற்றைத்தான்.