கோல்டு 200 கூட்டுக்குள் சினிமா பாசிட்டிவ்: ரோல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட சென்னைப் பக்கம் ஒருவர் இன்ஸ்டாகிராமில் "கோடாக் கோல்டு 200, ஃப்ரெஷ் ஸ்டாக், 550 ரூபாய்" என்று ஃபிலிம் ரோல் விற்றுக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஐந்து வாங்கினேன். ஐந்தில் ஒன்றுகூட கோல்டு இல்லை. இரண்டு, தியேட்டருக்குப் பிரிண்ட் போடுகிற பாசிட்டிவ். மூன்று, சினிமா கேமரா நெகட்டிவ். என் 2750 ரூபாய் போனது போகட்டும். என்னால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் ரோல் கெட்டது, ஃபிலிம் கழுவுகிற அண்ணனின் கெமிக்கல் மொத்தமும் கெட்டது. அதுதான் ஆறவில்லை.

விற்றவர் பேரைப் போடவில்லை. நான் வாங்கியதற்கு அப்புறம் பக்கத்தின் பெயரை இரண்டு முறை மாற்றிவிட்டார், போட்டும் பயனில்லை.

என் கதை சின்னது. அப்பா தண்டையார்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கடையை மூடியபோது எல்லாம் கைமாறிப் போய், பென்டாக்ஸ் கே1000 கேமரா ஒன்று மட்டும் வீட்டில் தங்கியது. இரண்டு வருடமாக அதில் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எடுக்கிறவர்களுக்குத் தெரியும், இப்போது நல்ல கலர் ரோல் ஒன்று ஆயிரத்தைத் தொடும். கழுவ, ஸ்கேன் பண்ண தனி. அப்பா காலத்தில் ஊட்டியிலேயே ஃபிலிம் தயாரானது. 1960ல் அரசாங்கம் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். "இந்து" என்று பேர் போட்டு கருப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் வரும். ஏஜென்ட்டிடம் அட்டைப்பெட்டியோடு வாங்குவார்கள். சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது, அந்த இடைவெளியில்தான் இந்த 550 ரூபாய்க்காரர்கள் முளைக்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் வந்து கொடுத்தார். இருபத்தைந்து வயசுகூட இருக்காது, பேச்சு ரொம்ப மரியாதை. பெட்டி இல்லை, கறுப்பு டப்பாவில் வெறும் ரோல்.

"பெட்டி எங்கங்க?"

"பல்க்கா வருது ப்ரோ, பெட்டி இல்லாம வரதாலதான் இந்த ரேட்டு. வெளிய கேட்டுப் பாருங்க."

கேட்டேன், ஆயிரம் என்றார்கள். என் வாய் அங்கேயே அடைத்துவிட்டது. மஞ்சள் கூடு, மேலே கோல்டு 200 என்ற அச்சு, பக்கத்தில் டிஎக்ஸ் கோடு கட்டங்கள் (ஃபிலிமின் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்கிற குறி) எல்லாம் அசல். கூடு அசல்தான். அதில் பொய்யே இல்லை!

அந்த வாரம் கல்மண்டபத்தில் ஆயாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். பேரன் பேத்தி மொத்தமும் வந்திருந்தது. போனில் எல்லாரும் எடுத்தார்கள். ஆனால் ஆயாவுக்குக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி காகிதத்தில் வேண்டும், "நீ உங்க அப்பன் கேமராவுல எடு" என்றது. ஃபிளாஷ் மாட்டி ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். 31வது படத்திலேயே லிவர் இறுகிவிட்டது. 36 வர வேண்டியது ஏன் 31 என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ரெண்டு நாள் கழித்து, விடிகாலை நாலரைக்கு காசிமேடு போய் ஏலம் நடக்கிற இடத்தில் இரண்டாவது ரோல். அதை சுற்றி முடித்தபோது லீடரையும், அதாவது கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஃபிலிம் நாக்கையும், கூட்டுக்குள் இழுத்துவிட்டேன். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் ரோல் கொடுக்கிற அண்ணன் வீட்டிலேயே கழுவுகிறவர். ஒரு காலத்தில் பெரிய லேபில் வேலை பார்த்தவர். ஆறு ரோல் போகிற டேங்க்; சாதாரண கலர் நெகட்டிவ் கழுவுகிற சி-41 கெமிக்கலைத் தானே கலந்து, 38 டிகிரியில் தண்ணீர்த் தொட்டி வைத்து, டெவலப்பரில் மூன்றேகால் நிமிஷம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்வார். என் இரண்டு ரோலோடு மற்றவர்களுடைய நாலு ரோலையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, இன்னா குடுத்த நீ எனக்கு?"

குரலே சரியில்லை. ஓடினேன்.

டெவலப்பரை வெளியே ஊற்றும்போது பக்கிங்காம் கால்வாய்த் தண்ணி மாதிரி கறுப்பாக வந்ததாம். காசிமேடு ரோலின் முதுகில் தார் பூசின மாதிரி கறுப்புப் படலம், அரைகுறையாக உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உரிந்த துணுக்குகள் பக்கத்து ரோல்களில் போய் ஒட்டியிருந்தன. அதற்குப் பெயர் ரெம்ஜெட். இந்த வகை சினிமா நெகட்டிவின் பின்பக்கம் பூசியிருக்கிற கார்பன் பூச்சு. கேமராவுக்குள் படபடவென்று ஓடுகிற ஃபிலிமில் கீறல் விழாமல், மின்பொறி வராமல், வெளிச்சம் பின்னாலிருந்து திரும்பி அடிக்காமல் காப்பாற்ற அது. சினிமா லேபில் ஈசிஎன்-2 என்ற தனி முறையில் கழுவுவார்கள். அதில் முதல் வேலையே இந்தப் படலத்தை ஊறவைத்து அடித்து எடுப்பதுதான். சி-41ல் அந்தக் கட்டமே கிடையாது. நேராக டெவலப்பரில் இறக்கினால் டேங்கே நாறிவிடும்.

ஓரத்தில் எழுத்தைக் காட்டினார். கோல்டு என்றால் ஓரத்தில் கோல்டு என்று பேர் வரும், படத்துக்குப் படம் எண் வரும். இதில் "ஈஸ்ட்மேன் 5219" என்று இருந்தது. அது கோடாக் விஷன்3 500டி. மஞ்சளாக எரிகிற டங்ஸ்டன் விளக்குக்கு, அதாவது 3200 கெல்வின் வெளிச்சத்துக்கு என்று செய்த ஃபிலிம். தெரிந்து எடுத்திருந்தால் பகலில் லென்ஸில் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் போட்டு, வேகத்தை 320ல் வைத்து எடுத்திருப்பேன். தெரியாமல் எடுத்ததில், விடிந்த பிறகு எடுத்த படமெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. வஞ்சிர மீனுக்குப் பரவாயில்லை. மனுஷ முகத்துக்கு ஆகவில்லை.

அடுத்தது ஆயா ரோல். அதை விளக்கில் காட்டினார். ஒன்றுமே இல்லை. கலர் நெகட்டிவ் என்றால் வெறுமையாக இருந்தாலும் ஆரஞ்சு நிறம் இருக்கும் இல்லையா, இதில் அதுவும் இல்லை. கண்ணாடித்தாள் மாதிரி இருந்தது. கிழித்துப் பார் என்றார். இரண்டு கையாலும் இழுத்தேன், கிழியவில்லை.

"பாசிட்டிவ் தம்பி இது. தியேட்டருக்கு அனுப்பற பிரிண்டு போடற ஃபிலிம்."

பிரிண்ட் ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கிற திறன், ஐஎஸ்ஓ கணக்கில் ஒன்று, இரண்டு என்கிற அளவில்தான் இருக்கும். லேபில் பக்கத்திலேயே விளக்கு வைத்து நெகட்டிவிலிருந்து நகல் எடுக்கத்தானே அது, வேகம் எதற்கு? நான் 200 என்று வைத்து எடுத்தேன். 200, 100, 50, 25, 12, 6, 3, ஒன்றரை என்று இறங்கிப் பாருங்கள், ஏழு ஸ்டாப் குறைவு, அதாவது ஏழு முறை பாதி பாதியாக. எண்பது வயசு ஆயா, இருபது பேரப்பிள்ளைகள், ஒரு கேக். எதுவும் பதியவில்லை.

சினிமா ஊர் இது. தியேட்டரெல்லாம் டிஜிட்டலுக்கு மாறியபோது கோடம்பாக்கம் பக்கம் டப்பா டப்பாவாகப் பாசிட்டிவ் தேங்கியது. சிலரிடம் சும்மாகூடக் கிடைக்கும். ஷூட்டிங்கில் மிச்சமாகிற நெகட்டிவ் துண்டுகளும் கைமாறும். 36 படத்துக்கு ஐந்தே கால் அடி போதும். 400 அடி டப்பா ஒன்று கிடைத்தால் எழுபது ரோலுக்கு மேல் சுற்றலாம். கணக்கு உங்களுக்கே புரியும்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சினிமா ஃபிலிமைச் சுற்றி விற்பது தப்பே இல்லை. "விஷன்3, ரெம்ஜெட் இருக்கு, சி-41 லேபில் கொடுக்காதீர்கள்" என்று கூட்டின் மேலேயே எழுதி ஒட்டி விற்கிற நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கி நானே எடுத்திருக்கிறேன், 500டி ராத்திரி வெளிச்சத்தில் அருமையான ஃபிலிம். வேறு ஒன்றின் சட்டையை மாட்டி விற்பதுதான் திருட்டு. டிஎக்ஸ் கோடு இருக்கிற கூட்டை ஆட்டோமேட்டிக் கேமராவில் போட்டால், கேமராவும் 200 என்றே நம்பிவிடும். என் கே1000ல் கையால் வைக்க வேண்டும், நம்பியது நான்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். "நாக்க வெளிய விட்டுக் குடுத்திருந்தா முதுகப் பார்த்தவுடனே புடிச்சிருப்பேன். இருட்டுல பிரிச்சு இருட்டுலயே ரீல்ல ஏத்தறன், கறுப்பா செவப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" நான்தான் லீடரை உள்ளே இழுத்துவிட்டேனே. பக்கத்தில் கிடந்த ரோல்களில் ஒன்று எண்ணூர் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவர்களைப் பற்றி ஒரு கல்லூரி மாணவி எடுத்தது. அவளுக்கு அது பிராஜெக்ட். படம் வந்திருக்கிறது, ஆனால் வானம் முழுக்கப் புள்ளி. நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கெமிக்கல் காசை மட்டும் அண்ணனிடம் வற்புறுத்திக் கொடுத்தேன்.

அப்பாவிடம் சொன்னதற்கு அவர் விற்றவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "புது சரக்குல டெஸ்ட் அடிக்காம விசேஷத்துக்கு எடுத்துட்டுப் போவியாடா?" என்றார். அவர் காலத்தில் புதுப் பெட்டி வந்தால் ஒரு ரோலில் நாலு படம் எடுத்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குக் கிளம்புவார்களாம். ஃபிலிம் அப்படிப்பட்ட சரக்கு. மாம்பழம் மாதிரி முகர்ந்தோ வெட்டியோ பார்த்து வாங்க முடியாது, பிரித்தால் செத்தது.

இனி கூடு எங்கிருந்து வந்தது என்கிற கதை. மீதி மூன்று ரோலையும் அண்ணன் முன்னாலேயே பிரித்தோம். ஒன்று பாசிட்டிவ், இரண்டு 500டி. மூன்றிலும் உள்ளே ஒரே வேலை: பழைய கோல்டு ஃபிலிமின் துண்டு ஒன்று கூட்டின் வாயில் அரை விரல் நீளம் மிச்சம் இருக்க, அதில் டேப் போட்டு வேறு ஃபிலிமை ஒட்டி உள்ளே சுற்றியிருக்கிறார்கள். கழுவும்போது லேபில் கூட்டின் வாய் ஓரமாக வெட்டுவார்களே, அந்த மிச்சம். அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு பையன் வந்தான் தம்பி. ஸ்கூல் கிராஃப்ட்டுக்குன்னு சொல்லி காலி கூடு ஒரு பை வாங்கிட்டுப் போனான். ஒண்ணு மூணு ரூபா."

அந்தக் கூடுகள்தான் திரும்பி வந்தனவா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு காலிக் கூட்டையும் கட்டிங் பிளேயரால் நசுக்கித்தான் குப்பையில் போடுகிறார். மற்ற லேப்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் அதைச் செய்யுங்கள்.

பெட்டி இல்லாத ரோலை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் லீடரைப் பாருங்கள். அது வெளிச்சம் பட்ட பகுதிதான், என்ன செய்தாலும் நஷ்டமில்லை. முதுகு கன்னங்கரேலென்று இருந்தால் ஈரப் பஞ்சில் கொஞ்சம் ஆப்ப சோடா தொட்டுத் தேயுங்கள். பஞ்சில் மை மாதிரி கறுப்பு ஒட்டினால் ரெம்ஜெட். ஓட்டைகளையும் கவனியுங்கள். ஸ்டில் ஃபிலிமின் ஓட்டை நேர்ச் செவ்வகம், மூலை மட்டும் மழுங்கியிருக்கும். சினிமா கேமரா நெகட்டிவின் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் பீப்பாய் மாதிரி வளைவு. பாசிட்டிவ் மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதன் ஓட்டையும் செவ்வகம்தான். அதற்கு லீடர் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். கோல்டு அசிடேட், கிழியும். பாசிட்டிவ் பாலியெஸ்டர், விரல்தான் வலிக்கும். மோட்டார் வைத்து இழுக்கிற கேமராவில் அது சிக்கினால் ஃபிலிம் அறாது, பல்சக்கரம் உடையும். கிழிக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

120 என்கிற அகலமான ரோலில் எடுக்கிறவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். வியாசர்பாடி நண்பர் ஒருவர் தாத்தாவின் அக்ஃபா கிளிக் 3 கேமரா வைத்திருக்கிறார். எனக்கு விற்ற அதே ஆள் அவரிடம் "டபுள் நீளம் 120, 24 படம் வரும்" என்று ஒன்றை விற்றிருக்கிறார். அது 220. இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான், சுமார் ஆறு சென்டிமீட்டர். 120 என்பது அளவே கிடையாது, கோடாக் வைத்த வரிசை எண். 120ல் ஃபிலிம் முழுக்கப் பின்னால் காகிதம் வரும், படத்தின் எண் அதில்தான் அச்சாகியிருக்கும். 220ல் நீளம் இரட்டிப்பு ஆக வேண்டி, ஃபிலிமுக்குப் பின்னால் காகிதத்தை எடுத்துவிட்டார்கள். முன்னும் பின்னும் மட்டும் துண்டாக இருக்கும். கிளிக் 3க்கு முதுகில், காகிதத்து எண்ணைப் பார்க்க, சிவப்பு ஜன்னல். காகிதம் இல்லாத ஃபிலிமில் அது வழியாக வெளிச்சம் இறங்கி, வரிசையாகச் சிவப்பு வட்டம் விழுந்திருந்தது. எண்ணும் தெரியாததால் படத்தின் மேல் படம் வேறு.

விற்றவரைக் கேட்டேன். முதலில் "லேபுல தப்பா கழுவிட்டாங்க ப்ரோ" என்றார். ஓரத்து எழுத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "எனக்கே அப்படித்தான் வந்துச்சு, நானும் ஏமாந்தவன்தான்" என்றார். சரி, காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஜிபேயில் 500 வந்தது. மறுநாள் காலையில் பிளாக்.

ஆயா இன்னும் கேட்கிறது, "போட்டோ எங்கடா?" என்று. கழுவக் கொடுத்திருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் எடுத்ததிலிருந்து நாலைந்தை பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று தங்கச்சி சொல்கிறாள், அதுவும் சரிதான்.

நேற்று நண்பர் ஒரு புதுப் பக்கத்தை அனுப்பினார். வேறு பெயர், வேறு போன் நம்பர். இந்த முறை கோடாக்கின் இன்னொரு கலர் ரோல், "போர்ட்ரா 400, 900 ரூபாய், பெட்டி இல்லை". ரோல்களை அடுக்கிப் படம் எடுத்திருக்கிற மேசையில் நீலக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, இடது மூலையில் சிகரெட் சுட்ட ஓட்டை. என் ஐந்து ரோலுக்கு அனுப்பிய படத்திலும் அதே விரிப்பு, அதே ஓட்டை.