பில்லில் 65, டயரில் 70: ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் காசு கொடுத்தது ஒரு அளவுக்கு. பில்லில் எழுதியிருப்பதும் அதே அளவுதான். வண்டியில் மாட்டி அனுப்பியது வேறு. அதில் என் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இன்ஜின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, போய்விட்டது.

என் வண்டிக்கு அளவு 265/65 ஆர் 17. முன் டயர் இரண்டும் சமீபத்தில்தான் போட்டவை. பின்னால் இரண்டும் தேய்ந்துவிட்டதால், அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவு வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்தேன். "ஸ்டாக் இருக்கிறது சார், விட்டுவிட்டுப் போங்கள்" என்றார் கடைக்காரர். மாலையில் வண்டி தயார். கம்பெனி அதேதான், டிரெட் வடிவமும் அச்சு அசல் அதேதான். பில்லிலும் 265/65 ஆர் 17 என்று தெளிவாக இருந்தது. ஆனால் மாட்டியிருந்தவை 265/70 ஆர் 17. கடையில் 65 இருப்பே இல்லை, கையிலிருந்த 70-ஐத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இது பிறகு அங்கே வேலை செய்யும் பையன் வாயிலிருந்தே வந்தது.

அஞ்சு நம்பர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 17 அங்குல ரிம் 431.8 மி.மீ. அதோடு மேலும் கீழும் பக்கச் சுவரைக் கூட்டினால் 65-க்கு மொத்த விட்டம் சுமார் 776 மி.மீ., 70-க்குச் சுமார் 803 மி.மீ. ஒரு சுற்றுக்கு 8 சென்டிமீட்டருக்கும் மேல் வித்தியாசம். நூறு சுற்றில் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாகப் போகப் பார்க்கும்.

சாதாரண டூ வீல் டிரைவ் வண்டியில் இது பெரிய விஷயமில்லை. முன் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும், பின் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இயக்கும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவில், லீவரை ஃபோர்-எச்சுக்கு (நான்கு சக்கரமும் இயங்கும் நிலைக்கு) தள்ளியதும், டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நடுவில், வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகளில் ஒன்று மட்டும் எட்டி நடை போட்டால் கழுத்து எப்படி நெரியுமோ, அப்படித்தான். நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தால் வளைவுகளில் மட்டும்தான் இந்த இறுக்கம் ஏறும். அளவு மாறிவிட்டாலோ நேர் பாதையிலேயே, ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே இருக்கும். சேற்றில் டயர் வழுக்கி அதைத் தீர்த்துவிடும். இறுகிய தரையில் வழுக்க இடமில்லாததால் எல்லாம் செயின், பேரிங், ஷாஃப்ட் ஜாயின்ட் தலையில் விடியும்.

இந்த ஏமாற்று வேலை உடனே வெளியே தெரியாததற்கும் இதுதான் காரணம். டூ-எச்சில் (இரண்டு சக்கரம் மட்டும் இயங்கும் நிலையில்) ஓட்டும்வரை வண்டி எதையும் காட்டாது. மழைக்காலம் வந்து, ஃபோர்-எச் போட்டு மண் ஏற்றங்களில் ஏறத் தொடங்கிய பிறகுதான் அடியிலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் கேட்டது. ஒரு நாள் சரளை ஏற்றம் முடிந்து தார் ரோட்டைத் தொட்டதும் லீவரை டூ-எச்சுக்கு இழுத்தேன், வரவில்லை. ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகியிருந்தது. நிறுத்தி, கொஞ்ச தூரம் ரிவர்ஸில் எடுத்ததும் அடியில் 'டங்' என்று ஒரு பெரிய சத்தம். அதன் பிறகுதான் லீவர் விட்டுக்கொடுத்தது. முறுக்கேறியிருந்த ஷாஃப்ட் விடுபடும் சத்தம் அது. உங்கள் வண்டியில் இப்படிக் கேட்டால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் டயரைப் பாருங்கள்.

என் மெக்கானிக் அதைத்தான் செய்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, நான்கு டயரின் பக்கச் சுவரையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது டயரில் நிறுத்திவிட்டு, "அண்ணே, பில் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை வடித்தார். கறுத்து, கருகல் வாடையோடு வந்தது. வடிகால் போல்ட்டின் காந்த முனையில் இரும்புத் தூள் பசையாக அப்பியிருந்தது. விரலில் தேய்த்துக் காட்டினார், மினுமினுவென்றிருந்தது. செயின் தொய்ந்து, உள்ளே கூட்டைக்கூட உரசியிருந்தது.

கடையில் கேட்டபோது வந்த பதில்களை அப்படியே சொல்கிறேன், உங்களிடமும் இதையே சொல்வார்கள். முதல் பதில்: "ரிம் 17, டயரும் 17. உட்கார்ந்துவிட்டதே சார், அப்புறம் என்ன?" ரிம்மில் உட்காருவது வேறு, உருளும் சுற்றளவு வேறு. இரண்டாவது: "டிராக்டரில் முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரிது. அது ஓடவில்லையா?" கேட்க நியாயம் போலவே இருக்கும். ஆனால் ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரில் அந்த அளவு வித்தியாசத்துக்கு ஏற்பத்தான் முன் அச்சின் பல்சக்கரக் கணக்கையே போட்டிருப்பார்கள். அதிலும் டயர் அளவை இஷ்டத்துக்கு மாற்றினால் இதே கதிதான். பிக்கப்பில் முன்னும் பின்னும் ஒரே சுற்று என்றுதான் கணக்கு.

மூன்றாவதுதான் மோசம். "பெரியதில் ஒன்றை முன்னால் போட்டு, ஒன்றைப் பின்னால் விட்டுவிடலாம், சமமாகிவிடும்" என்றார். முன்னுக்கும் பின்னுக்கும் சராசரி சமமாகும் என்பது உண்மைதான். ஆனால் இடமும் வலமும் மாறிப்போகும். நேர் ரோட்டில்கூட இரண்டு அச்சின் டிஃபரென்ஷியலும் ஓயாமல் வேலை செய்யும். இடது, வலது சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இருந்தால் அதன் கிளட்ச் தகடுகள் தேய்ந்து தீரும். வண்டியும் ஒரு பக்கமாக இழுக்கும். இதற்கு யாரும் தலையாட்டாதீர்கள்.

வாதாடுவதை விட்டுவிட்டுக் கடை வாசலிலேயே செய்து காட்டினோம். இதை நீங்களும் செய்யலாம். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் டூ-எச், நியூட்ரலில் நிறுத்துங்கள். முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். முன் டயர் சரியாகப் பத்து சுற்று முடிக்கும்வரை தள்ளுங்கள். ஒரே அளவென்றால் பின் டயரின் கோடும் தரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். என் வண்டியில் அது மூன்றில் ஒரு சுற்று பின்தங்கி நின்றது. டேப் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் குரல் இறங்கியது.

டயரை மாற்றித் தந்தார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார்கள், "எங்கள் பில்லில் சரியான அளவுதான் இருக்கிறது" என்று. தப்பான பொருளைக் கொடுத்துவிட்டு, சரியாக எழுதிய பில்லையே கேடயமாகப் பிடிக்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அளவு ஒன்றாக இருந்தாலும் தேய்மானத்தையும் பாருங்கள். டிரெட் 1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 6 மி.மீ.க்கு மேல் குறையும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் ஆல் வீல் டிரைவ் வண்டிகளில் இது இன்னும் கறார். சுபாரு தன் வண்டிகளுக்கு, டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது, அதாவது ஏறக்குறைய 6 மி.மீ. அங்கே புது டயரையும் பாதி தேய்ந்த டயரையும் கலக்கவே கூடாது. ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். வேறு அளவு ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால் ஃபோர்-எச் பக்கம் போகாதீர்கள்.

டயர் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒவ்வொரு டயரையும் ஒப்பிட்டு, பக்கச் சுவரை போட்டோ எடுங்கள். உற்பத்தி வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக அதிலேயே இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். காசு கொடுக்கும் முன், அளவோடு அந்த நான்கு இலக்கத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது இருந்தால், பில்லில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று பிறகு யாரும் மழுப்ப முடியாது. எழுத மாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள்.