என் ஃபோன் இணையத்தை எனக்கே விற்றுவிட்டுப் போனான் – கஸ்டமர் கேர் எண் தேடுகிறவர்கள் படியுங்கள்

முந்தாநாள் ராத்திரி ஆறு மாத இணையக் கட்டணத்துக்குச் சமமான பணத்தை யாரென்றே தெரியாத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வேறு சொல்லியிருக்கிறேன். அந்த தேங்க்ஸை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. நெட் போனால் வரிசையாக என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி பத்து மணி. மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டிய வேலை கையில். திடீரென்று கணினியின் மூலையில் அந்த உருண்டை ஐகான் வந்து உட்கார்ந்துகொண்டது, இணையம் இல்லை. ரௌட்டரை அணைத்துப் போட்டேன், கணினியை ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. என் ஃபோன் எப்போதும் மொபைல் டேட்டாவில் இருக்கும், அதனால் அதில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலேயே இணைய கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடினேன். முதலில் வந்ததை அழுத்தினேன். அதன் மேல் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருந்ததை நேற்றுதான் பார்க்கிறேன்.

எடுத்தவன் அவ்வளவு மரியாதை. கம்பெனிப் பெயரை அவன் சொல்லவே இல்லை, நான்தான் சொன்னேன், "ஆமா மேடம்" என்றான். பதற்றப்படாதீங்க, நெட் இல்லாம நான் உள்ளே வர முடியாது, உங்க ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக் கணினியை அதில் சேருங்க என்றான். சேர்த்தேன். தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் ஒரு செயலியை இறக்கச் சொன்னான். இறக்கினேன். அதில் வந்த எண்ணை இரண்டிரண்டாகப் படித்துக் காட்டினேன், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. முதலில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒன்றைத் திறந்தான். சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. "பார்த்தீங்களா மேடம், எத்தனை எரர்!" எனக்குக் கை கால் ஓடவில்லை. (எந்த விண்டோஸ் கணினியிலும், புதிதாக வாங்கியதில்கூட, இப்படி வந்துகொண்டேதான் இருக்குமாம். முக்கால்வாசி ஒன்றுக்கும் உதவாத குறிப்புகள்.) அடுத்து கறுப்புத் திரை. 'நெட்ஸ்டாட்' என்று ஏதோ அடித்தான், எண்களாக வந்தது, ஒரு பத்திக்கு மேலே 'ஃபாரின் அட்ரஸ்' என்று தலைப்பு. "வெளிநாட்டிலிருந்து உங்க கணினிக்குள்ள உட்கார்ந்திருக்காங்க, இதோ இந்த 127.0.0.1தான் ஆள்" என்றான். அந்த 127.0.0.1 எது தெரியுமா? கணினி தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. ஃபாரின் அட்ரஸ் என்றால் இணைப்பின் மறுமுனை, அவ்வளவுதான், வெளிநாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்புறம் 'ட்ரீ' என்று அடித்தான், வரி வரியாகப் பறந்தது. ஸ்கேன் என்றான். அது கணினியில் இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்ப் பட்டியல். முடிந்ததும் கீழே 'வைரஸ் ஃபவுண்ட்' என்று வந்தது, ஒவ்வொரு எழுத்தாக வந்தது. அவன் டைப் அடிப்பதை நானே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

ஆனால் நான் விழுந்த இடம் இதெல்லாம் இல்லை. பணம் கட்டும் பக்கம் வந்தபோது கொஞ்சம் தயங்கினேன், ஆறு மாதக் கட்டணமாயிற்றே. அப்போது அவன், "மேடம், ஒரு விஷயம், உங்க பாஸ்வேர்டையோ பின் நம்பரையோ எனக்குச் சொல்லவே சொல்லாதீங்க, யார் கேட்டாலும் சொல்லாதீங்க, நீங்களே டைப் பண்ணுங்க, நான் லைன்ல வெயிட் பண்றேன்" என்றான். திருடன் இப்படிச் சொல்வானா? நல்ல பையன் என்று நினைத்தேன். மனசு அப்படியே இளகிவிட்டது. என் திரை முழுவதும் அவன் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது, அதில் நான் கார்டு எண்ணை ஒவ்வொன்றாக அடிக்கிறேன், அவன் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. ஓடிபியையும் நானே போட்டேன்.

கட்டியதும் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து காட்டினான். திறந்தது! "பாருங்க மேடம், சரியாயிடுச்சு." நானும் வேலையை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ஃபோனில் ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அணைத்தேன். கணினியில் நெட் போய்விட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. ராத்திரி முழுக்க ஓடியது என் ஃபோனின் டேட்டா. அவன் எதையுமே சரி செய்யவில்லை. ஹாட்ஸ்பாட்டில் சேர்த்த அந்த முதல் நிமிஷத்திலேயே கணினியில் நெட் வந்துவிட்டது, அதாவது கணினியில் கோளாறே இல்லை என்பதற்கு அத்தாட்சி, அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் அவன் காட்டிய வைரஸ் படத்தை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

திரும்ப அழைத்தேன். சீனியர் கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிடவில்லை. மறுபடி அழைத்தால் வேறு குரல், டிக்கெட் போட்டாச்சு, 24 மணி நேரம் ஆகும். மூன்றாவது தடவை கத்தினேன். உடனே குரல் குழைந்தது, "ரீஃபண்ட் பண்ணிடறோம் மேடம், பழையபடி ஸ்க்ரீன் கனெக்ட் பண்ணிட்டு உங்க பேங்க் பக்கத்தைத் திறங்க" என்றான். நல்லவேளை, அதில் மட்டும் விழவில்லை. "முடியாது" என்றேன். வைத்துவிட்டான், அதன் பிறகு என் எண்ணிலிருந்து அடித்தால் மணியே போவதில்லை. நிஜக் கம்பெனியின் எண் வேறு, அது மாதா மாதம் வரும் பில்லிலேயே இருக்கிறது. அங்கே கேட்டால் "அது எங்க நம்பர் இல்லை, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." கார்டு கொடுத்தவர்களிடம் கேட்டால் "ஓடிபி நீங்களே போட்டிருக்கீங்களே மேடம்." ஆளாளுக்குக் கையை விரித்தாகிவிட்டது, ஆறு மாதக் கட்டணம் போனது எனக்கு.

சாயங்காலம் அண்ணன் மகள் வந்தாள். நான் கதையை ஆரம்பிக்கும் முன்பே, "அத்தை, உங்க ஃபோன்ல டேட்டாவை ஆஃப் பண்ணுங்க, வைஃபைல வருதா?" என்று கேட்டாள். வரவில்லை. "அப்ப கணினி இல்லை, ரௌட்டர் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே ரௌட்டரைத் திருப்பினாள். பின்னால், மற்ற நான்கு துளைகளிலிருந்து தள்ளி வேறு நிறத்தில் ஒரு துளை இருக்கும், வெளியிலிருந்து வரும் ஒயர் அதில்தான். அந்த ஒயர் முனையில் இருக்க வேண்டிய நகக்கண் அளவு பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது, பிடிப்பு இல்லாமல் ஒயர் அரை விரக்கடை வெளியே வந்து தொங்கியது. அழுத்தினாள். சிவப்பாக இருந்த விளக்கு கொஞ்ச நேரத்தில் பச்சையானது. இதற்குத்தான் ஆறு மாதக் கட்டணம். இப்போதைக்கு டேப் ஒட்டி வைத்திருக்கிறோம், முனையை மாற்ற வேண்டும்.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், எழுதும் பொறுமை போய்விட்டது, சுருக்கமாக: நெட் போனால் முதலில் இன்னொரு கருவியில் வைஃபை வருகிறதா பாருங்கள், அதிலும் வரவில்லை என்றால் கணினியை விட்டுவிட்டு ரௌட்டர் விளக்கையும் ஒயர்களையும் பாருங்கள். எண்ணைத் தேடாதீர்கள், பில்லை எடுங்கள். திரையை எவனுக்கும் காட்டாதீர்கள். ஏற்கனவே காட்டிவிட்டீர்கள் என்றால் நெட்டைத் துண்டித்துவிட்டு அந்தச் செயலியைத் தூக்குங்கள், கார்டை முடக்குங்கள், பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். நான் இன்னும் பாதிதான் மாற்றியிருக்கிறேன், மீதியை மாற்றப் போகிறேன். கார்டு புகாருக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள், ஏதாவது பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.