கழிப்பதா, கவிழ்ப்பதா?

கிளிநொச்சியில் மாலை வகுப்பு முடித்து மாங்குளம் போகும் பஸ், முறிகண்டிப் பிள்ளையாரடியில் சற்று நிற்கும். போன வாரம் அந்த நேரத்துக்குள் என் மாணவர்கள் இருவர் ஒரு சுட்டிக் கணக்கை (எழுத்தின் தலையில் சிறிதாக நிற்கும் வலு எண்தான் சுட்டி) வைத்துச் சண்டை பிடித்தார்கள்.

(2க³ம⁻²)³ ÷ (4க⁻¹ம)²

பாடநூல் ஆங்கில எழுத்தில் தரும். எனக்குக் க, ம போதும்.

பனிக்கங்குளத்துப் பையன் விதிக்காரன். அடைப்பை நீக்கினான்: 8க⁹ம⁻⁶ ÷ 16க⁻²ம². அடுத்தது சுட்டிகளைக் கழிப்பது. இரண்டே வரி, வேகத்தில் இதற்கு இணை இல்லை. ஆனால் 9 − (−2) என்ற இடத்தில் அவன் 7 என்று எழுதிவிட்டான். இருபது வருடமாக இதே குழியில் பிள்ளைகள் விழுவதைப் பார்க்கிறேன். விதி தெரியாமல் அல்ல, இரண்டு கழித்தல் குறிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால்தான்.

மாங்குளத்துப் பிள்ளை முதல் வரியிலேயே கழித்தல் குறியுள்ள மறைச் சுட்டிகளை ஒழித்துவிடுவாள். ம⁻² பின்னத்தின் கீழே, பகுதிக்கு இறங்கும். க⁻¹ உம் அப்படியே. (2க³/ம²)³ ÷ (4ம/க)². வகுப்பதைத் தலைகீழாக்கிப் பெருக்கினால் 8க⁹/ம⁶ × க²/16ம². இனிக் கூட்டல் மட்டும்: க¹¹/2ம⁸. ஒரு வரி கூடுதல்தான், ஆனாலும் பரீட்சை மண்டபத்தில் நான் நம்புவது இதைத்தான். 2ஐயும் மூன்றாம் வலுவுக்கு உயர்த்த மறப்பவர்களை மட்டும் இரண்டு வழியும் காப்பாற்றாது.

விரித்தெழுதும் பழைய வழியும் உண்டு. (க³)² என்பது க⁵ஆ, க⁶ஆ என்று தடுமாறினால் க³ × க³ என்று எழுதி எண்ணிவிடலாம். 1637இல் சுட்டியை இன்றைய வடிவில் அச்சில் கொண்டுவந்த பிரெஞ்சுக் கணிதர் தெக்காட்டே, வர்க்கத்துக்குப் பெரும்பாலும் எழுத்தை இரண்டு முறை எழுதினார். க⁴⁰ வந்தால் இந்த வழி கொப்பியைத் தின்றுவிடும்.

பின்னச் சுட்டி வந்தால் கவிழ்ப்பதும் உதவாது, விரிப்பதும் உதவாது. அங்கே விதிதான் கதி. அதிலும் ஒழுங்கு முக்கியம். 27இன் 2/3ஆம் வலுவுக்கு முதலில் கனமூலம் எடுத்தால் 3, பிறகு வர்க்கம் 9. முதலில் வர்க்கித்தால் 729. விடை மாறாது, ஆனால் அதன் கனமூலத்தைக் கையால் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

பஸ்ஸில் பையன் விட்டுக்கொடுக்கவில்லை. "இரண்டு வழியும் ஒன்றுதானே, சேர்?" என்றான். க = 2, ம = 1 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். கச்சான் சுற்றிய தாளின் பின்பக்கத்தில் எழுதினான். மூலக் கோவை 4096 ÷ 4, அதாவது 1024. அவளுடைய க¹¹/2ம⁸ உம் 1024. அவனுடைய க⁷/2ம⁸ கொடுத்தது 64. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மிச்சக் கச்சானை அவளிடம் நீட்டினான்.