போட்டோலிஸ்டிங் பார்த்துப் பிள்ளை தேடுவது: நீண்ட நாள் அனுபவம்

அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் தற்காலிகப் பராமரிப்பில், இருக்கும் பிள்ளைகளைத் தத்தெடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் போட்டோலிஸ்டிங். வீடு தேடும் பிள்ளைகளின் இணையப் பட்டியல் அது. ஒரு படம், முதல் பெயர், வயது, நாலைந்து வரி அறிமுகம். போன மாதம் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தோழி கூப்பிட்டாள். "அக்கா, நீங்க அதுலதானே பிள்ளைங்களைப் பார்த்தீங்க? நாங்களும் தினம் ராத்திரி அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். நம்பிப் போகலாமா?" போனில் அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

எங்கள் மகனும் மகளும் அந்த வழியாக வந்தவர்கள். ஆகவே நன்றி நிறைய உண்டு. கோபமும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலைக்குப் போன பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை.

இணையத்துக்கு முன்பு இது தடிமனான ரிங் பைண்டராக இருந்தது. நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரில் இருந்த 'சில்ட்ரன் அவெய்ட்டிங் பேரண்ட்ஸ்' என்ற அமைப்பு அப்படி ஒன்றை வெளியிட்டு வந்தது. தத்து ஏஜென்சிக்கோ நூலகத்துக்கோ போய்ப் புரட்ட வேண்டும். புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் தபாலில் ஒரு தாள் வரும். வீடு கிடைத்த பிள்ளையின் தாளைக் கழற்றிவிட வேண்டும். 1990களின் நடுவில் அவர்களும் பிலடெல்பியாவின் நேஷனல் அடாப்ஷன் சென்டரும் சேர்ந்து 'ஃபேசஸ் ஆஃப் அடாப்ஷன்' என்ற பெயரில் அந்தத் தாள்களை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1998 நவம்பரில் அதிபர் கிளின்டன், காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வீடு தேட இணையத்தை விரிவாகப் பயன்படுத்தத் திட்டம் தயாரிக்கும்படி சுகாதாரத் துறைக்கு உத்தரவிட்டார். அப்போது நாடு முழுக்க லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் காத்திருந்தார்கள். 2002இல் மத்திய அரசின் பணத்தில் 'அடாப்ட் யுஎஸ் கிட்ஸ்' வந்தது. நாங்கள் பார்த்தது இரண்டுக்கும் இடைப்பட்ட காலம். மாநிலத்துக்கு ஒரு தளம், வட்டாரத்துக்கு ஒன்று, தேசிய அளவில் ஒன்று என்று சிதறிக் கிடந்தது.

அப்போது எங்கள் வீட்டில் 56கே மோடம். வீட்டு போனுக்கும் அதே லைன்தான். நான் இணையத்தில் இருக்கும் நேரம் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து அம்மா கூப்பிட்டால் எங்கேஜ்டு டோன்தான் கேட்கும். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். முதலில் பின்னால் இருக்கும் சுவர் தெரியும். அப்புறம் முடி, நெற்றி, கண். ஒரு முகம் முழுசாக வந்து சேர்வதற்குள் பக்கத்தில் இருக்கும் எழுத்தை இரண்டு தடவை படித்து முடித்திருப்பேன். நான் எதிர்பார்க்காத நல்லது அதில்தான் நடந்தது. முகத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன்பே, இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும், எந்த மாதிரி வீட்டில் இது நன்றாக இருக்கும் என்பதெல்லாம் மனதில் ஏறிவிடும். இன்றைக்கு போனில் விரலால் ஒரு தள்ளு தள்ளினால் இருபது முகங்கள் ஓடிப்போகின்றன. வேகம் கூடியதில் வேறு யாருக்கு லாபமோ, அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

அடுத்து, தேடும் படிவம். வயது எத்தனையிலிருந்து எத்தனை வரை, ஆணா பெண்ணா, எந்த இனம், உடல்நலக் குறை எந்த அளவு வரை சரி என்று வரிசையாகக் கேட்கும். பெற்றோராகப் போகிறவர்களை அந்தப் படிவத்தின் முன் உட்கார வைப்பதே தப்பு என்பது என் உறுதியான கருத்து. படிவம் கேட்பதால்தான் பதில் சொல்கிறோம். பதில் சொன்ன பிறகு அதுவே நம் விருப்பம் என்று ஆகிவிடுகிறது. நாங்கள் 6 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை என்று போட்டோம். வந்த முடிவுகளில் ஒரு படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். 5 வயதுப் பெண், அவளுடைய 9 வயது அண்ணன். உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே பதிவாகப் போட வேண்டும் என்று யாரோ முடிவெடுத்திருந்ததால் அவனும் எங்கள் திரைக்கு வந்தான். தனியாகப் போட்டிருந்தால் அவன் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டான்.

படத்தில் அந்தப் பெண்ணின் கால்கள் நன்றாகத் தெரிந்தன. இரண்டு ஷூவிலும் லேஸ் பெரிய முடிச்சாக, இரண்டு தடவை போட்டுக் கட்டியிருந்தது. அறிமுகத்தில், தங்கைக்கு ஷூ மாட்டிவிடுவது தினமும் அண்ணன்தான், வேறு யாரையும் விடமாட்டான் என்று ஒரு வரி. அதை எழுதிய கேஸ் ஒர்க்கர், அதாவது அந்தப் பிள்ளைகளைக் கவனித்த சமூகப் பணியாளர், யாரென்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே அவருக்குக் கடைசிவரை கடமைப்பட்டிருக்கிறேன். அதே தளத்தில் நிறைய அறிமுகங்கள் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியது மாதிரி இருந்தன. சிரித்த முகம், சுறுசுறுப்பானவன், பீட்சா பிடிக்கும். இப்படி எழுதினால் பார்ப்பவருக்கு மிஞ்சுவது முகம் மட்டும்தான். என் மாமியார் ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு போட்டோ அனுப்புற மாதிரில்ல இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அழகான முகத்துக்கு விசாரணை குவியும். 14 வயதுப் பையன், சக்கர நாற்காலியில் இருக்கும் பெண், நாலு பேராகச் சேர்ந்து காத்திருக்கும் உடன்பிறப்புகள் எல்லாம் மாதக்கணக்கில் அப்படியே இருப்பார்கள்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் வீடு கிடைத்த பிள்ளைகளின் எண்ணிக்கை உண்மையிலேயே ஏறியது. 1990களின் நடுவில் ஃபாஸ்டர் கேரிலிருந்து வருடத்துக்கு 26,000 பேர் அளவில் தத்துப் போனார்கள். 2000இல் அது 50,000ஐத் தாண்டியது. இதில் இணையத்தின் பங்கு ஓரளவுதான். 1997 நவம்பரில் வந்த சட்டம், கடந்த 22 மாதங்களில் 15 மாதம் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்கு, சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை முடித்துவைக்க மாநிலங்கள் வழக்குப் போட வேண்டும் என்றது. முந்தைய அளவைவிடக் கூடுதலாக வீடு கிடைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாநிலத்துக்கு 4,000 டாலர் ஊக்கத்தொகையும் கொடுத்தது. தத்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்தப் பிள்ளையை வளர்த்து வந்த ஃபாஸ்டர் பெற்றோர், இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள். யாரும் முன்வராமல் மிச்சமான பிள்ளைகளுக்குத்தான் போட்டோ தேவைப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் முகத்தை நாட்டின் இன்னொரு மூலையில் இருப்பவரின் வீட்டு மேசைவரை கொண்டுவர வேறு வழி எதுவும் அப்போது இல்லை.

எங்கள் பிள்ளைகள் கறுப்பினத்தவர். இனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று 1996இல் சட்டம் இறுகியிருக்காவிட்டால் எங்கள் ஃபைல் நகர்ந்திருக்குமா என்பதே சந்தேகம். ஊரில் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா மட்டும், "பையன் என்ன சாப்பிடுவான்? இட்லி சாப்பிடுவானா?" என்று கேட்டாள். அதன் பிறகு அவளிடம் நான் எதையும் விளக்க வேண்டி வரவில்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

இந்தத் தளங்களில் பிள்ளையின் பக்கம் ஏறுவது எளிது. இறங்குவதுதான் இல்லை. எங்கள் பிள்ளைகளைக் காண்பதற்கு முன்பு நாங்கள் விசாரித்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே வீடு கிடைத்திருந்தது. படம் மட்டும் 'காத்திருக்கிறேன்' என்று சிரித்துக்கொண்டிருந்தது. மனசைக் கொடுத்து, தைரியம் சேர்த்து ஒரு வாரம் கழித்து போன் செய்தால், "ஓ, அந்தப் பிள்ளையா, போன வருஷமே போயாச்சு" என்பார்கள். பக்கத்தை எடுக்க வேண்டுமானால் கேஸ் ஒர்க்கர் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். கேஸ் ஒர்க்கர்கள் அடிக்கடி மாறுவார்கள். புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. ஒரே பதிவு மாநிலத் தளத்திலும் வட்டாரத் தளத்திலும் தேசியத் தளத்திலும் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நீக்க வேண்டும்.

இதை ஒரு எரிச்சலாக மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் தத்து உத்தரவு வாங்கி, பெயர் மாற்றி, புதுப் பள்ளியில் சேர்த்துப் பல மாதம் ஆன பிறகு ஒரு நாள் மகன் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்றான். கம்ப்யூட்டர் லேபில் கூடப் படிக்கும் பையன் ஒருவன் அவன் படத்தைக் கண்டுபிடித்துவிட்டானாம். அவனும் தங்கையும், அந்த இரட்டை முடிச்சு ஷூவோடு, குடும்பம் தேடுகிறார்கள் என்ற தலைப்பின் கீழ். வகுப்பே கூடிப் பார்த்திருக்கிறது. அவன் அழவில்லை. "நான் இன்னும் அங்கதான் இருக்கேனா? வேற யாராவது கேட்டா எங்களைக் கொடுத்துடுவாங்களா?" என்று கேட்டான்.

தத்து உத்தரவை எடுத்து வந்து நீதிபதியின் கையெழுத்தைக் காட்டினேன். என்ன காட்டினால் என்ன. அன்றிரவு அவன் தங்கையின் அறை வாசலில் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டான். பல நாள் அப்படித்தான் படுத்தான்.

அடுத்த நாளிலிருந்து போன். கவுன்டியில், அதாவது மாவட்ட அலுவலகத்தில், கேட்டால் மாநில அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். மாநில அலுவலகத்தில் கேட்டால் தளத்தை நடத்துகிறவர்களிடம் பேசச் சொன்னார்கள். தளத்தை நடத்துகிறவர்கள், கேஸ் ஒர்க்கரின் கையெழுத்தில்லாமல் நாங்கள் எதையும் தொடக் கூடாது என்றார்கள். அந்த கேஸ் ஒர்க்கர் வேலையை விட்டுப் போயிருந்தார். யார் பெயரையும் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. பேசியவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை, எல்லோரும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டுக்கொண்டே ஒரு குழந்தையின் முகத்தை வாரக்கணக்கில் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கழற்றிப் போடும் தாளுக்கு இருந்த மரியாதை இணையப் பக்கத்துக்கு இல்லாமல் போனது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஒரு பிள்ளையின் படத்தைப் பொதுவில் போடும் அதிகாரம் ஒருவருக்கு இருந்தால், அதை எடுக்கும் நாளும் அவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். இத்தனை நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் பக்கம் தானாக மறையட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், அன்றைக்கும் வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவில் வேறு முறை. அங்கே 'கேரிங்ஸ்' என்ற அரசின் தத்துத் தளத்தில் பதிவு செய்து, ஹோம் ஸ்டடி (வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுதும் மதிப்பீடு) முடித்து, வரிசையில் காத்திருந்தால்தான் பிள்ளையின் படமும் மருத்துவ அறிக்கையும் கண்ணில் படும். பார்த்த 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. சென்னையில் அப்படி வருடக்கணக்கில் காத்திருக்கும் உறவினர் ஒருவர், "உங்க ஊர்ல திறந்து வச்சிருக்காங்க, நீங்க கொடுத்து வச்சவங்க" என்றார். பெற்றோரின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொல்வது சரி. என் மகன் சமையலறை வாசலில் நின்றதை நினைத்தால் பூட்டி வைப்பதுதான் சரி என்று படுகிறது. பூட்டியே வைத்திருந்தால் அவனை நான் பார்த்திருக்கவே மாட்டேன் என்பதும் தெரியும். எந்தப் பக்கம் சாய்வது என்று என்னால் இன்றுவரை முடிவெடுக்க முடியவில்லை.

தோழிக்கு நான் சொல்வது இதுதான். எங்களுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த வழி அது. அப்படியிருந்தும், ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. மூடு. முதலில் பயிற்சி வகுப்பில் சேர், ஹோம் ஸ்டடியை முடி. அது கையில் இல்லாமல் நீ அனுப்பும் விசாரணையைப் பெரும்பாலும் யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். மனசுக்குத்தான் வலி. செலவை நினைத்துத் தயங்காதே. ஃபாஸ்டர் கேர் தத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது, மாதாந்தர உதவித்தொகை பல பிள்ளைகளுக்கு உண்டு. ஹோம் ஸ்டடி முடிந்த பிறகு பார், அதுவும் கணவரோடு சேர்ந்து பார். ஒரு பிள்ளையைப் பற்றி போன் செய்யும்போது உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும் முன் இரண்டு கேள்வி கேள். இந்தப் பக்கத்தைக் கடைசியாகத் திருத்தியது எப்போது? பிள்ளைக்கு வீடு கிடைத்த அன்றைக்கு இதை எடுக்கப்போவது யார், அவர் பெயர் என்ன? பெயர் சொல்ல முடியாவிட்டால் விடாதே, சொல்லும்வரை லைனிலேயே இரு.