நெல்லுக்கு அப்புறம் உளுந்தா தரிசா? எந்த சாட்டிலைட்ட நம்புறது

பர்மாவுல எங்க பெகு பக்கம் பயிர் சுழற்சின்னா பெரிய ரகசியம் இல்ல, மழைக்கு நெல்லு, அறுத்ததும் மண்ணுல மிச்சம் நிக்கிற ஈரத்துலயே உளுந்து, அதுல பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் கப்பல் ஏறும். எந்த வயல்ல மாத்திப் போட்டாங்க, எது தரிசா கெடக்குன்னு ரங்கூன்ல உக்காந்தே பாக்கலாமேன்னு கொஞ்ச நாளா இலவச சாட்டிலைட் படங்கள நோண்டிட்டு இருக்கேன்.

ஐரோப்பாக்காரங்களோட சென்டினல்-2 தான் மொதல்ல எடுத்தேன். 10 மீட்டர் பிக்சல், ரெண்டு சாட்டிலைட் சேந்து 5 நாளைக்கு ஒரு தடவ வருது. கணக்கு போட்டா ஏக்கருக்கு சுமார் 40 பிக்சல், வரப்போரத்த கழிச்சாலும் உள்ளார பாதிக்கு மேல தேறும். நெல்லு அறுத்ததும் என்டிவிஐ, அதாவது பச்சை அளவு, பொத்துன்னு விழும், உளுந்து தழைச்சா திரும்ப ஏறும், தரிசுன்னா படுத்தே கெடக்கும். அவ்வளவு தெளிவு! ஆனா ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் திறந்து பாருங்க, வயலாவது ஒண்ணாவது, வெறும் பஞ்சு மூட்டை. காசு கட்டி வாங்குற 3 மீட்டர் தினசரி படத்துக்கும் இதே கதிதான், மேகத்த இன்னும் துல்லியமா பாக்கலாம்.

அந்த அஞ்சு மாசத்துக்கு சென்டினல்-1 ரேடார் தான் கைகொடுக்குது, தானே அலைய அனுப்பி திரும்பி வர்றத வச்சு படம் எடுக்குறதால அதுக்கு மேகமும் இல்ல ராத்திரியும் இல்ல. நடவு நேரத்துல தண்ணி கட்டின வயல் ரேடார் அலைய கண்ணாடி மாதிரி வேற பக்கம் தட்டி விட்டுடும், அதனால படத்துல கருப்பா விழும், பயிர் எழும்ப எழும்ப வெளுக்கும். சிக்கல் என்னன்னா எங்க ஊர்ல வெள்ளம் வந்தாலும் கருப்புதான், ஒரே படத்த வச்சு நடவுன்னு முடிவு கட்டினா ஏமாந்துடுவீங்க, நானும் ஏமாந்தேன், அடுத்தடுத்த படத்துல படிப்படியா வெளுக்குதான்னு பாத்துதான் நெல்லுன்னு சொல்லணும். படம் வேற பொரி தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும், தனி பிக்சல நம்பாம வயல் மொத்தத்துக்கும் சராசரி எடுங்க.

அமெரிக்காவோட லேண்ட்சாட் சாட்டிலைட் 30 மீட்டர், ஏக்கருக்கு நாலரை பிக்சல், அதுல பாதி வரப்பும் பனைமரமும். இந்த வருஷ கணக்குக்கு வேணாம். ஆனா 30 மீட்டர் படம் 1980கள்ல இருந்தே இருக்கு, நடுவுல ஓட்டை இருந்தாலும், 1988க்கு அப்புறம் பருப்பு வியாபாரத்த திறந்து விட்டதும் உளுந்து எப்படி பரவுச்சுன்னு பாக்க வேற வழி கிடையாது. மோடிஸ்னு நாசாவோட இன்னொரு படம் தினமும் வரும், ஆனா 250 மீட்டர், ஒரு பிக்சலுக்குள்ள 15 ஏக்கர், நமக்கு ஆகாது.

ஒண்ணுதான் கத்துக்க நேரம் இருக்குன்னா சென்டினல்-2வ எடுங்க, மழைக்காலத்துல நெல்லு இருக்கும்னு பெரும்பாலும் கண்ண மூடிட்டே சொல்லலாம், சந்தேகமே அதுக்கு அடுத்த பயிர்லதான். அதுலயும் உளுந்தா பாசிப்பயறான்னு இது எதுவும் எனக்கு பிரிச்சு காட்டல, ரெண்டோட பச்சையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஏறி எறங்குது. ஆத்தோர வயல உளுந்துன்னு குறிச்சு வச்சிட்டு எதுக்கும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "பாசிப்பயறுடா அது, ரெண்டு தடவ பறிச்சாச்சு, நீ இப்பதான் வானத்துல இருந்து எறங்குறியா"ன்னாரு.