ஒர்க்பெஞ்ச் மேல்தகடு: காசைத் தடிமனில் போடுவதா, ஆங்கிளில் போடுவதா?

கார் ஷெட்டில் ஒரு ஒர்க்பெஞ்ச் போடலாம் என்று கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி தட்டாஞ்சாவடிப் பக்கமோ இரும்புக் கடையில் விசாரித்தால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை எம்எம் வேணும்?" நாம் யோசிப்பதற்குள் யோசனையும் வந்துவிடும்: "பத்து போட்டுடுங்க சார், ஆயுசுக்கும் கவலை இல்லை." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடியில் வரும் ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை) சரியாக அமைந்தால் வீட்டு வேலைக்கு 6 மி.மீ. தகடு தாராளம். தடிமனை முடிவு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டியது நம் ஊர் உப்புக் காற்றை.

6 அடி நீளம், 2 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 7.85 கிலோ வரும். அப்படியானால் 6 மி.மீ. தகடு சுமார் 52 கிலோ, 10 மி.மீ. 87 கிலோ, 12 மி.மீ. 105 கிலோ. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு ஆகும் என்பது உண்மை. தடித்த தகட்டின் மேல் எல்லோருக்கும் வரும் மயக்கத்துக்குக் காரணமும் இதுதான். ஆனால் 6 மி.மீ. தகட்டின் இரண்டு முனைகளை மட்டும் தாங்கி நிறுத்தினால், மேலே எதுவும் வைக்காமலே தன் எடையிலேயே நடுவில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தொய்யும். 12 மி.மீ. போட்டாலும் 4 மி.மீ.க்கு மேல் தொய்வு இருக்கத்தான் செய்யும்.

இப்போது ஆங்கிளைப் பாருங்கள். பக்கம் 50-க்கு 50 மி.மீ., தடிமன் 6 மி.மீ. உள்ள ஆங்கிள் ஒன்றே ஒன்று, 2 அடி அகல 6 மி.மீ. தகட்டைவிட ஏறத்தாழ 12 மடங்கு விறைப்பு. 12 மி.மீ. தகட்டையே அது மிஞ்சும். அதன் எடை மீட்டருக்கு நாலரை கிலோதான். நாலு பக்கமும் ஓட்டி, நடுவில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே மூன்று துண்டு வைத்தால் மொத்தம் 30 கிலோ. தகடும் சட்டமும் சேர்ந்து 82 கிலோ. வெறும் 10 மி.மீ. தகட்டைவிட எடை குறைவு. இரும்பைக் கிலோ கணக்கில் வாங்குகிறோம் என்பதால் காசும் அதே அளவில் குறையும்.

தடித்த தகட்டுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. சம்மட்டி அடிக்கும்போது தகடு எகிறாமல் அடியை வாங்கிக்கொள்ள எடை வேண்டும். நாள் முழுக்க வெல்டிங் வேலை நடக்கும் பட்டறையில் சூட்டுக்கு முறுக்காமல் இருக்கவும் தடிமன் வேண்டும். பட்டறை வைத்திருப்பவர் 12 மி.மீ. போடட்டும். பைக் செயின் மாற்றுவது, கேட் கீல் பத்தவைப்பது, மோட்டார் பம்ப்பைக் கழற்றிப் பார்ப்பது என்று இருப்பவருக்கு அந்தக் கூடுதல் இரும்பு சும்மா கிடக்கும்.

மெல்லிய தகட்டில் இரண்டு வழி உண்டு. ஒன்று, 3 மி.மீ. தகட்டைப் பெண்டிங் மெஷினில் கொடுத்து நாலு ஓரத்தையும் இரண்டு அங்குலம் கீழே மடித்து வாங்குவது. ஓரம் நன்றாக நிற்கும், கையைக் கிழிக்காது, பார்க்கவும் அழகு. ஆனால் குறுக்குத் துண்டுகளுக்கு இடைப்பட்ட இடத்தில் சுத்தியல் விழுந்தால் குழி விழும், தட்டினால் பறை போல அதிரும். இன்னொன்று, 19 மி.மீ. மரைன் பிளைவுட்டின் மேல் 2 மி.மீ. தகடு. சத்தம் அடங்கிவிடும். எலக்ட்ரிகல் வேலை, தச்சு வேலைக்கு அருமையான மேசை. வெல்டிங்குக்கு மட்டும் ஆகாது, சூட்டில் அடியில் மரம் கருகும். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் வெளியே வர வழியில்லை, தகடு அடிப்பக்கத்திலிருந்து அரிக்கும். இதைத்தான் போடுவேன் என்பவர் தகட்டின் அடிப்பக்கத்துக்கு எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டாவது அடித்து, பிளைவுட்டின் வெட்டு ஓரங்களையும் பெயின்ட்டால் அடைத்துவிட வேண்டும்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டால் துருவே பிடிக்காதே என்று பலர் கேட்கிறார்கள். விறைப்பில் எஸ்எஸ்ஸும் சாதா இரும்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் எஸ்எஸ் என்பதற்காகத் தகட்டை மெலிதாக்க முடியாது. பத்தவைக்கும்போது சாதா இரும்பைவிட அதிகமாக நெளியும். வழக்கமாகக் கிடைக்கும் 304 கிரேடு எஸ்எஸ்ஸிலும் உப்புக் காற்றில் நாளடைவில் பழுப்புப் புள்ளி விழும். உப்பை நன்றாகத் தாங்குவது மாலிப்டினம் சேர்ந்த 316, அதன் விலை வேறு ரகம். மலிவாக வரும் 202-ஐக் கடலோரத்தில் தவிர்ப்பது நல்லது. காந்தம் வைத்துப் பார்த்து 304 என்று நம்பிவிடாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, கிரேடு எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், எஸ்எஸ் தகட்டைச் சாதா இரும்புச் சட்டத்தின் மேல் நேராக உட்கார வைத்தால் ஈரம் படும் இணைப்பில் சட்டம்தான் வேகமாக அரிக்கும். மீன் சுத்தம் செய்ய, சாப்பாட்டுச் சாமான் வைக்க என்றால் எஸ்எஸ் சரி. கிரைண்டர் பொறி பறக்கும் ஷெட்டுக்கு நான் சொல்ல மாட்டேன், அந்த இரும்புத் தூள் எஸ்எஸ் மேலேயே ஒட்டித் துரு ஏறும்.

ஆக என் ஓட்டு 6 மி.மீ. சாதா தகடும் ஆங்கிள் சட்டமும். ஆனால் சேர்க்கும் விதத்தில்தான் பலரும் தகட்டைக் கெடுக்கிறார்கள். தகட்டைக் குப்புறப் போட்டு, ஆங்கிளை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாகப் பத்தவைத்தால், வெல்டு ஆறும்போது சுருங்கித் தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். நிமிர்த்தி வைத்து நூல் பிடித்துப் பார்த்தால் நடு மேடாகவும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். முதலில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அங்கங்கே டேக் (சின்னப் பொட்டு வெல்டு) வைக்க வேண்டும். பிறகு ஓர் அங்குல வெல்டு, ஐந்து அங்குல இடைவெளி. இந்த மூலையில் ஒன்று வைத்தால் அடுத்தது எதிர் மூலையில். கை சுடாத அளவு ஆறிய பிறகே அதே பக்கம் திரும்ப வர வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது, சட்டத்தைத் தனியாகப் பத்தவைத்துச் சமம் பார்த்துவிட்டு, தகட்டை 8 மி.மீ. கவுண்டர்சங்க் போல்ட்டால் (தலை தகட்டுக்குள் அமுங்கும் போல்ட்) இறுக்குவது. 6 மி.மீ. தகட்டில் போல்ட் தலை முழுதும் அமுங்கிவிடும். தகடு நெளியாது. பத்து வருஷம் கழித்துத் துரு தின்றாலும் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் இது பெரிய வசதி.

மேல்பக்கத்துக்குப் பெயின்ட் வேண்டாம், பெயின்ட் மேல் வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப் பிடிக்காது. வேலை முடிந்ததும் துடைத்து மெஷின் ஆயிலை மெலிதாகத் தடவினால் போதும். வண்டியில் வடித்த பழைய ஆயிலைப் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதில் இருக்கும் அமிலம் இரும்புக்கும் ஆகாது, தோலுக்கும் கெடுதல்.

கால்களுக்கு ஸ்கொயர் பைப் போட்டால் இரண்டு முனையையும் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீட்டைவிடத் தாழ்வாக இருக்கும் ஷெட்டில்தான் தண்ணீர் முதலில் ஏறும். திறந்த பைப்புக்குள் புகுந்த நீர் உள்ளிருந்தே அரிப்பது வெளியே தெரியாது.

கடைசியாக வைஸ், அதாவது வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தாடை. அதை நடுவில் வைக்காமல் முன்பக்க மூலையில், கால் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே வையுங்கள். அந்த இடத்தில் மட்டும் அடியில் 12 மி.மீ. துண்டுத் தகடு ஒன்று, ஒரு சாண் அகலத்துக்கு வைத்து, வைஸ் போல்ட் இரண்டு தகட்டையும் துளைத்துப் போகட்டும். பின்தாடை பெஞ்சின் முன் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல்கடை வெளியே நின்றால், நீளமான கம்பியையும் தரை வரை தொங்கவிட்டுப் பிடிக்கலாம்.